மாத்திரைக்கு முந்திய மருத்துவம்

சர்க்கரை வியாதி வந்தபின் மாத்திரையைத் தேடுவதைக் காட்டிலும் அது வராமல் தடுப்பதே சிறந்தது என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும், ஆண்டுக்கொரு முறை உலக நீரிழிவு தினமான நவம்பர் 14ஆம் நாளில் பதாகை பிடித்து ஊர்வலம் போவதும், பள்ளி மண்டபத்தில் ஒரு பிரசங்கம் செய்வதுமே அதற்கான கல்வி என்று நாம் திருப்தியடைந்துவிடுவது பெருந்தவறாகும்.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரத்தச் சர்க்கரை இயல்பை மீறியும் வியாதியின் எல்லையை எட்டாதிருந்த 531 பேரை மூன்றாண்டுக் காலம் கவனித்தார்கள். விசேஷ ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதத்தினரை நோய் பற்றியது. நாள்தோறும் நடக்கவும், தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைக்கவும் இடைவிடாமல் அறிவுறுத்தப்பட்டவர்களிலோ அது 39 சதவீதமாகத் தாழ்ந்தது. அந்த அறிவுரையோடு மெட்பார்மின் மாத்திரையைச் சேர்த்தும் அதனினும் அதிகப் பலன் கிட்டவில்லை. அவர்கள் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், கைபேசிக் குறுஞ்செய்திகளால் அடிக்கடி நினைவூட்டப்பட்ட ஆடவரில் இரண்டாண்டில் 18 சதவீதத்தினரும், அவ்வாறு நினைவூட்டப்படாதவரில் 27 சதவீதத்தினரும் நோயாளிகளாயினர். சொன்ன விஷயம் பழையதே. சொல்லிக்கொண்டே இருந்ததில்தான் சக்தி இருந்தது.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "சாதத்தைக் குறையுங்கள்" என்று முகாமில் குடும்பத் தலைவரிடம் உரைத்தனுப்பினால், அவர் வீடு சேர்வதற்குள் அது காற்றோடு போய்விடும். சமைப்பவரையும் உடன் அமர்த்தி, தட்டில் குவியும் சாதத்தைப் பாதியாக்கி, மீதி இடத்தில் கீரையையும் அவரைப் பொரியலையும் சுண்டலையும் கண்ணெதிரே பரிமாறிக் காட்டினால், அன்றிரவே அது அடுப்பங்கரையில் அநுஷ்டானத்துக்கு வந்துவிடும்.

இதற்கெனப் புதிய இலாகா எதுவும் வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். தகப்பனாருக்கு மாத்திரை கொடுக்கும் அதே வீட்டில்தான், அவ்வியாதிக்கு வாரிசாகக்கூடிய மகனும் மகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்பவும், மாதந்தோறும் விசாரித்து ஆகாரத்தையும் நடையையும் சீர்செய்யவும் அப்பெண்களுக்குப் பயிற்சியும், அவ்வுழைப்புக்குத் தக்க ஊதியமும் அளிப்பது சர்க்காரின் கடமை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்திய நிலையிலும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பின்னவருள் பலரை மீட்கும் வல்லமை கல்விக்கு உண்டு. அதற்குச் செலவிடத் தயங்கும் சமுதாயம், நாளை சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் காலுக்கும் அதனினும் பன்மடங்கு செலவிட நேரும்.