லேசர் ஒளியும் பிள்ளைகளின் கண்ணும்



சிலமலைப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குக் கையடக்க லேசர் விளக்குக் கேட்கின்றனர். தடுக்க வேண்டாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் சூரிய ஒளியைக் குவித்தே ஆய்ந்தார். லேசர் பிறந்தது 1960-இல்தான்.

ஆனால் நம் கண்ணிலும் ஒரு குவிவில்லை உண்டே! உட்புகும் கற்றையை அது விழித்திரையில் ஊசிமுனைப் புள்ளியாக்கும். ஆற்றல் மிகுந்தால் அவ்விடம் கருகும். வலி தோன்றாது என்பதே கொடுமை. ஆகவே 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு விளக்கையே வாங்குங்கள். மலிவான பச்சை விளக்குகளின் மேல் ஒட்டியுள்ள அளவை நான் நம்புவதில்லை.

விளக்கை மேசையில், அமர்ந்திருப்போரின் கண்மட்டத்துக்குக் கீழே இறுகப் பொருத்துங்கள். எதிரே பளபளப்பற்ற கறுப்பு அட்டை வேண்டும். விளக்கை அணைத்த பின்னரே வில்லையை நகர்த்தட்டும். புள்ளியை அட்டையில் மட்டுமே பார்க்கட்டும். வளையல், கைக்கடிகாரம், எவர்சில்வர் டம்ளர் யாவும் அப்பால் இருக்கட்டும்.

ஏலத்தோட்டத்திலிருந்து களைத்துத் திரும்பினாலும், அந்த அரைமணி நேரம் பிள்ளையின் அருகில் அமருங்கள்.