மன்னார் எரிவாயுவும் நுண் உயிர்ச்சுவடுகளின் சாட்சியமும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது தலைநகர் முதல் மாத்தளை மாவட்டத்தின் பல்லேபொல போன்ற கிராமப்புறங்கள் வரை எமது மக்கள் சமையல் எரிவாயுவுக்காக வரிசைகளில் காத்திருந்தனர். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 2011இல், மன்னார்க் கடற்படுக்கையின் டொராடோ, பராகுடா ஆகிய இரு கிணறுகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டிருந்தது. அகழ்வை மேற்கொண்ட கெய்ன் நிறுவனம் 2015இல் வெளியேறியது. அந்த வாயு இன்றுவரை கரை சேரவில்லை.

வாயு ஏன் பல்லேபொலவில் இல்லாமல் மன்னாரில் இருக்கின்றது என்ற கேள்விக்குப் பாறைகளே விடை கூறுகின்றன. மாத்தளைப் பகுதியின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆழ்நிலத்தின் கடும் வெப்பத்தினாலும் அழுத்தத்தினாலும் உருமாறியவை. அவற்றில் உயிர்ச்சுவடுகளைத் தேடுவதில் பயனில்லை. கதிரியக்கக் கனிமங்களைக் கொண்டே அவற்றின் வயது கணிக்கப்படுகின்றது. மன்னார் வடிநிலத்திலோ கடலடியில் படிந்த சேறும் மணலும் பல கிலோமீற்றர் தடிப்பில் அடுக்கடுக்காக உள்ளன.

அந்த அடுக்குகளின் வயதைக் கூறுபவை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண் உயிர்ச்சுவடுகளாகும். துளையிடும் கருவி பெரிய சிப்பிகளை நொறுக்கிவிடும். ஆனால், மேலே வரும் ஒரு சிட்டிகைத் துகளிலும் போராமினிபெரா என்னும் ஒருகல உயிரிகளின் ஓடுகளும் தாவர மகரந்த மணிகளும் முழுமையாகக் கிடைக்கக்கூடும். ஒவ்வோர் இனமும் ஒரு காலத்தில் தோன்றி மற்றொரு காலத்தில் மறைந்தமையால், அவை பாறைக்குரிய காலமுத்திரையாகின்றன. மகரந்தத்தின் நிறமும் சான்று பகரும். மஞ்சள் நிறமாயின் பாறை போதிய வெப்பமடையவில்லை. கபில நிறமாயின் எண்ணெய் உருவாகும் பக்குவத்தை எட்டியது. கறுப்பாயின் அந்த எல்லையையும் கடந்துவிட்டது.

இவ்வறிவு அகழ்வுடன் முடிவடைவதில்லை. நோர்வேயின் சிலைப்னர் வயலில் 1996 முதல் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் காபனீரொட்சைட்டு கடலடி மணற்பாறையில் செலுத்தப்பட்டு வந்தது. அவ்வாயு மேலெழாமல் தடுப்பது மேலுள்ள களிப்பாறை மூடியாகும். ஒரு கிணற்றில் காணப்பட்ட மூடி அடுத்த கிணற்றிலும் தொடர்கின்றதா, அன்றி வேறொரு காலத்துப் படிவா என்பதை நுண் உயிர்ச்சுவடுகளின் ஒப்பீடு தெளிவுபடுத்துகின்றது. நாளை மன்னாரில் இத்தகைய திட்டம் முன்மொழியப்படுமாயின், இதே கேள்வி எம் முன்னும் எழும்.

அப்போது விடை கூறப்போவது யார் என்பதே எமது கவலையாகும். 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்ட காலம் முதல் வெளியாரின் தொழில்நுட்பத்தையே நாம் நம்பியிருக்கின்றோம். மூலதனம் வெளியிலிருந்து வருவதில் தவறில்லை. ஆனால், எமது பாறையைப் படிக்கும் கண்ணும் இரவலாக இருப்பின், பேரம் பேசும் மேசையில் எதிர்த்தரப்பின் கணிப்பையே ஏற்க வேண்டியவர்களாவோம்.

எனவே, 2021ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபை, இனி வழங்கும் ஒவ்வோர் அனுமதியிலும் பாறை மாதிரிகளின் ஒரு பங்கு நாட்டிலேயே பேணப்படுவதையும் எமது மாணவர்கள் இத்துறையில் பயிற்றப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறை போன்றவற்றுக்கு இதில் உரிய இடம் அளிக்கப்படல் வேண்டும். ஒரு கிணற்றுக்குச் செலவாகும் தொகையுடன் ஒப்பிடுகையில் நுணுக்குக்காட்டிகளும் புலமைப்பரிசில்களும் அற்பச் செலவே. வாயு ஒருநாள் தீர்ந்துவிடும். அதைக் கண்டறியும் அறிவு எம்மிடமே தங்கும்.