எழுத்து வேலைக்கு முன்பணம் எதற்கு?

கேள்வி: ''ஒன்றரை ஏக்கரில் நெல் போடுகிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும், வெளியில் 50,000 ரூபாய் மூன்று வட்டிக் கடனும் இருக்கின்றன. டிகிரி முடித்த மகள், ஆன்லைனில் எழுதிச் சம்பாதித்து அடைக்கலாம் என்கிறாள். வேலை தருவதாகச் சொல்பவர்கள் 3,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?''

- வாசகர் ஒருவர், மேலூர், மதுரை மாவட்டம்.

பதில்: ''கட்ட வேண்டாம். வேலை கொடுப்பவர் கூலிதான் தருவார். கூலியாளிடம் பணம் கேட்க மாட்டார். ஃபைவர் போன்ற தளத்தில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. வேலை முடிந்து பணம் வரும்போது 20 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள். 1,000 ரூபாய் வேலைக்கு 800 ரூபாய்தான் மிஞ்சும். டைப்பிங் வேலை கொடுத்து, 'பிழை இருக்கிறது, அபராதம் கட்டு, இல்லையேல் வழக்கு' என்று மிரட்டுவதும் மோசடியே. பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மகள் முயற்சி செய்யட்டும். ஆங்கிலமும் தமிழும் தெரிந்தால் மொழிபெயர்ப்பு, வீடியோக்களுக்குத் தமிழ் வரிகள் எழுதுவது போன்ற வேலைகள் உண்டு. ஆனால், மாதாமாதம் நிச்சயமாக வரும் பணமல்ல அது. அதை நம்பித் தவணை சொல்லாதீர்கள்.

பயிர்க்கடனை நெல் விற்ற பணத்தில் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டினால் வட்டி இல்லை. தேதி தப்பினால் அந்தச் சலுகை போய்விடும். மூன்று வட்டிக் கடனுக்கோ மாதம் 1,500, வருடத்துக்கு 18,000 ரூபாய் வட்டி மட்டுமே போகிறது. எழுத்தில் வரும் பணம் முழுவதையும் அந்தக் கடனின் அசலில் கட்டுங்கள். 10,000 ரூபாய் அசல் குறைந்தால் மாதம் 300 ரூபாய் வட்டி குறையும். கட்டும்போதெல்லாம் புரோநோட்டின் பின்பக்கம் தொகையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.''