வயல் முதல் வாணலி வரை



தட்டில் சோற்றை மீதம் வைக்கலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் நம்மிடையே இல்லை. அது தேவையான பாடமே. ஆயினும், நம் தட்டுக்கு வந்து சேருமுன்னரே வழியில் அழிந்துபோகும் உணவைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். நம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும், திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் சந்தை வழியாகவும் அது மதுரைக்கு வருகிறது. தோட்டத்தில் பறிக்கும்போதே நன்கு பழுத்ததும் செங்காயும் ஒரே பெட்டியில் சேர்கின்றன. பழுத்த பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடும். அது பக்கத்துக் காய்களையும் விரைந்து பழுக்க வைக்கும். விளிம்புக்கு மேல் நிரப்பிய பெட்டியின்மீது மற்றொரு பெட்டியை அடுக்கினால் பழம் நசுங்குகிறது. கசிந்த சாற்றில் பூஞ்சணம் பற்றுகிறது. வெயிலில் லாரிப் பயணம். மண்டியில் இறக்கி, மீண்டும் ஏற்றி, கடையில் மறுபடியும் இறக்குதல். லூதியானாவிலுள்ள நடுவண் அறுவடைப்பின் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் தக்காளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் இவ்வாறு இழக்கப்படுகிறது. இதனை எவரும் வேண்டுமென்றே எறியவில்லை. ஒவ்வொரு கையிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த இழப்பு இது.

இதனினும் கொடிய இழப்பு ஒன்றுண்டு. விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தால், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுப்படியாவதில்லை. உழவர் பழத்தைச் செடியிலேயே விட்டு, ஆடுமாடுகளை மேயவிடுகிறார். அங்கே அழிவது தக்காளி மட்டுமன்று. கிணற்றிலிருந்து இறைத்த நீரும், உரத்திற்கு வாங்கிய கடனும், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பும் அதனோடு மண்ணாகின்றன.

வழியைச் சுருக்கினால் இழப்பும் சுருங்கும். இதற்கு நம் மதுரையே சான்று. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இந்நகரின் அண்ணாநகரில்தான் திறக்கப்பட்டது. பஞ்சாபிலும் ஆந்திரத்திலும் இத்தகைய சந்தைகள் அதற்கு முன்னரே தோன்றியிருந்தன. விளைவித்தவரே அடையாள அட்டையுடன் வந்து, தரகு ஏதுமின்றி விற்கலாம். உழவருக்கு நல்ல விலை கிடைப்பதே அதன் முதல் நோக்கம். எனினும் மற்றொரு நன்மையும் விளைந்தது. பறித்த காய் அதிகக் கைமாறாமல் அடுப்படியை அடைகிறது. கைமாறுதல் குறைந்தால் அடிபடுதலும் குறையும்.

பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகருக்கு உழவர் சந்தைகள் மட்டும் போதா என்பது உண்மையே. மாட்டுத்தாவணியும் பரவையும் நமக்கு வேண்டும். ஆதலின் அங்கும் திருத்தம் வேண்டும்: பழுத்ததையும் செங்காயையும் தோட்டத்திலேயே பிரித்தல், பெட்டியை அளவோடு நிரப்புதல், விற்காததை வைக்கக் குளிர்ப்பதன அறை. நம் பங்கு மக்களில் உழவரும் உண்டு, வண்டி ஓட்டுநரும் உண்டு, கடை வைத்திருப்போரும் உண்டு. அவரவர் தம் கையில் உள்ளதைக் காக்கலாம்.

வாங்குவோராகிய நமக்கு இதில் பங்கில்லையா? கடையில் பழங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறோம். ஒரு புள்ளி இருந்தாலும் ஒதுக்குகிறோம். நாம் ஒதுக்கியதை வணிகர் மறுநாள் மண்டியில் வாங்க மறுக்கிறார். மண்டி மறுத்ததை உழவர் குப்பையில் கொட்டுகிறார். நம் விரல் அழுத்தம் அவருடைய தோட்டம் வரை செல்கிறது! இன்று மாலையே குழம்பில் கரையப்போகும் தக்காளிக்கு மாசற்ற தோல் எதற்கு?

மலிவாய்க் கிடைக்கும் நாளில் தொக்காகவும், வற்றலாகவும், வடகமாகவும் காயைக் காத்து வைத்தவர்கள் நம் பாட்டிமார். வெயிலே அவர்களுடைய சேமிப்புக் கிடங்கு. அந்த அறிவு இன்று பல வீடுகளில் மறக்கப்பட்டு வருகிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகின் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது.

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், எஞ்சிய அப்பத் துண்டுகள் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டதை நற்செய்தியில் படிக்கிறோம். குறைவில்லாத இடத்திலும் மீதி மதிக்கப்பட்டது. நம் வீடுகளில் ஒரு சிறு தொடக்கம் செய்வோம். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது, அன்றே சமைப்பதற்கு ஒரு கிலோ புள்ளி விழுந்த பழத்தையும் நியாயமான விலை கொடுத்து வாங்குவோம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, ஏன் வாங்குகிறோம் என்று அவர்களுக்குச் சொல்வோம்.