பாதி ராத்திரியில் ஆகாய விருந்து

மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் நமது இதழில் ஆகாய விமானச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், ஏலக்காய் எங்கே போனாலும் நம் சரக்குத்தான். அது ஆகாயத்தில் ஏறிய பிறகு என்ன கதி ஆகிறது என்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்ததை எழுதுகிறோம்.

2023 அக்டோபரில் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் நடந்த அனுகா உணவுச் சந்தைக்கு நாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் சந்தை அது. மும்பையிலிருந்து நடுநிசிக்கு மேல் விமானம். முதுகு வலி இருக்கிறது என்று சொல்லி நம் மகன் பிடிவாதமாக பிசினஸ் கிளாஸில் டிக்கெட் போட்டுவிட்டான். சாதாரண வகுப்புக் கட்டணத்தைப் போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. அப்போது 12 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் அதையும் 18 சதவிகிதம் ஆக்கிவிட்டார்கள். சாதாரண வகுப்புக்கு 5 சதவிகிதம்தான். இவ்வளவு கொடுத்து ஏறுகிறவன் சாப்பாட்டை எடை போட்டுப் பார்க்காமல் இருப்பானா? நாம் பார்த்தோம்.

விமானம் கிளம்பும்போது மணி இரண்டு. கெட்டி அட்டையில் அச்சடித்த உணவுப் பட்டியலைக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை தோற்றுப் போகும். மூன்றேகால் மணிக்கு வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டு வைத்து, பச்சைக் காய்கறிகளில் ஆரம்பித்தார்கள். பிறகு சிவப்புக் குழம்பில் பன்னீர், புலாவ், பருப்பு, இரண்டு ரொட்டி. பருப்பு நன்றாகவே இருந்தது. பன்னீர் ரப்பராக இருந்தது. புலாவ் தட்டின் ஓரத்தில் விறைத்தும் நடுவில் குழைந்தும் கிடந்தது. ரொட்டியைக் கிழிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் விருதுநகர் பருப்பு வியாபாரி ஒருவர். "அண்ணாச்சி, இதை நம்ம ஊர் மெஸ்ஸில வச்சா இலையை மடிச்சிட்டு எந்திரிச்சிருவானுவ" என்றார். குலாப் ஜாமூன் ஒன்றுதான் மிச்சம் வைக்காமல் தின்றார்.

சமையல்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விமானத்தில் யாரும் சமைப்பதில்லை என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அடுப்பு எரிக்க அங்கே அனுமதி கிடையாது. விமான நிலையத்தை ஒட்டிய பெரிய சமையல்கூடத்தில் பல மணி நேரம் முன்னதாகவே சமைத்து, முக்கால் பதம் வெந்ததும் இறக்கி, குளிர் காற்று வீசும் பெட்டிக்குள் வைத்து, 5 டிகிரிக்குக் கீழே கொண்டு வருகிறார்கள். கெட்டுப் போகாமல் இருக்க அதுதான் வழி. அப்புறம் தட்டில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, விமானத்தில் சூடான காற்று சுற்றும் அடுப்பில் இருபது நிமிஷம் போலச் சூடு பண்ணிக் கொடுக்கிறார்கள். பிசினஸ் கிளாஸ் ஆனாலும் கடைசி வரிசை ஆனாலும் இந்த முறைதான். கொடுக்கும் காசில் பெரும் பங்கு பீங்கானுக்கும் துணிக்கும் படுக்கைக்கும் போய்விடுகிறது.

குளிரில் வைத்த சோறு விறைக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்வார்கள். தோசையை ஆற வைத்து மறுபடி சுட வைத்தால் தோல் மாதிரி ஆகும். பூரியும் அப்படித்தான். ஆனால் இட்லி ஆவியில் வைத்தால் பழையபடி எழுந்துகொள்ளும். பருப்பு, குழம்பு, கூட்டு, உப்புமா ஆகியவை மறு சூட்டுக்குப் பயப்படாத பண்டங்கள். எண்ணெய் விட்டுக் கிளறிய புளியோதரையைக் கேட்கவே வேண்டாம். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எழுப்பிக் கொடுத்த காலைப் பலகாரத்தில் உப்புமாவும் வடையும் இருந்தன. உப்புமா பிரமாதம். வடை ஊறவும் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. இதைப் போய் யார் பட்டியலில் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. மாவு அரைக்கத் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இன்னொரு விஷயம் நாக்கு. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைக்கிறார்கள். கிட்டத்தட்ட கொடைக்கானல், ஊட்டியில் உட்கார்ந்து சாப்பிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலையில் ஈரம் உண்டு. விமானத்தில் காற்றின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே. மூக்கும் தொண்டையும் காய்ந்துவிடும். மூக்கு காய்ந்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் ருசி ஏது? ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சிக் கூடத்தார் லுஃப்தான்சா கம்பெனிக்காக 2010 ஆம் ஆண்டில் இதைச் சோதித்தார்கள். அழுத்தம் குறைந்த கூடத்துக்குள் ஆட்களை உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னதில், உப்பு 20 முதல் 30 சதவிகிதமும் இனிப்பு 15 முதல் 20 சதவிகிதமும் குறைவாகத் தெரிந்ததாம். புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறையவில்லை. பூமியில் சீண்டாத தக்காளிச் சாற்றை மேலே ஏன் பீருக்கு இணையாகக் குடிக்கிறார்கள் என்பதற்கும் அவர்களுக்கு விடை கிடைத்தது. ஏலக்காய் போன்ற வாசனைச் சரக்குகள் மேலே நன்றாக எடுபடுகின்றன என்பதும் அந்தச் சோதனையில் வெளிவந்த செய்தி. இதைப் படித்தபோது ஏலக்காய் வியாபாரி என்ற முறையில் நமக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

புளிப்பும் காரமும் எடுபடும், மறு சூடு தாங்க வேண்டும். இப்படி ஒரு உணவு வேண்டும் என்றால் நம் பாட்டிமார்கள் ரயில் பிரயாணத்துக்குக் கட்டிக் கொடுத்த புளிச்சோறுதான் நினைவுக்கு வருகிறது. இவர்களோ நட்சத்திர ஹோட்டல் சமையல் நிபுணரின் கையெழுத்தைப் பட்டியலில் அச்சடித்துப் பன்னீரைக் கொடுக்கிறார்கள்.

விமானத்தில் முதன்முதலாகச் சாப்பாடு கொடுத்தது 1919 ஆம் ஆண்டில். லண்டன் பாரிஸ் விமானத்தில் ஹேண்ட்லி பேஜ் கம்பெனியார் 3 ஷில்லிங்குக்குப் பெட்டிச் சாப்பாடு விற்றார்கள். தேவையானவன் வாங்கினான். இன்று யாரும் கேட்காமலேயே பாதி ராத்திரியில் நாலு அங்கமாக விருந்து வருகிறது. பிசினஸ் கிளாஸில் இரவில் ஏறுகிறவன் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது தூக்கத்தை. 2000 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தட்டையாகச் சாயும் படுக்கையைக் கொண்டு வந்தது முதல் எல்லாக் கம்பெனிகளும் படுக்கைக்குத்தான் போட்டி போடுகின்றன. அப்படியிருக்க மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு விருந்து வைத்தால், வாங்கிய சரக்கை விற்றவனே கெடுக்கிறான் என்றுதான் அர்த்தம். சில கம்பெனிகள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. ஏறுவதற்கு முன் விமான நிலையத்திலேயே சாப்பாடு போட்டு, ஏறியதும் தூங்க விடுகிறார்கள். கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் எப்போது கேட்டாலும் கொண்டு வந்து தருகிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இவர்கள் வாடிக்கையாளரைக் கேட்கிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திரும்பி வரும்போது நம் டிக்கெட் ஏஜெண்ட் 'வெஜிடேரியன்' என்று மட்டும் பதிந்துவிட்டார். வந்தது பால், தயிர், நெய் எதுவும் சேராத, உப்பில்லாத அவித்த காய். பத்தியச் சாப்பாடு மாதிரி. பணிப்பெண் நல்ல குணம். "சார், உங்களுக்கு இப்படித்தான் எழுதியிருக்கு" என்று சீட்டையே காட்டிவிட்டார். நம் பக்குவத்தில் வேண்டும் என்றால் ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டைச் சொல்லிப் பதிய வேண்டும். ஜைனர்களுக்கு வி.ஜே.எம்.எல். குறைந்தது 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். தனியாகச் சொன்ன சாப்பாடு மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

இப்போது நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். இந்தச் சாப்பாட்டின் தரம் அடுப்படியில் கெடுவதை விடக் கொள்முதல் மேஜையில் கெடுவது அதிகம். 1987 ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆலிவ் காயைக் குறைத்து வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்ற கதையை வியாபாரப் பள்ளிகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரு காய் போனால் யாருக்கும் தெரியாது, சரி. ஆனால் அதே கணக்கை எல்லாச் சரக்கிலும் போட்டால்?

நாமே அனுபவித்தோம். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையல்கூடத்துக்குச் சில காலம் ஏலக்காய் கொடுத்தோம். பெயர் வேண்டாம். மாதிரி கேட்டபோது 8 மில்லி பச்சைக் காயைப் பார்த்து மூக்கில் வைத்து முகர்ந்து பாராட்டினார்கள். மூன்றாவது மாதம் விலை குறைக்கச் சொன்னார்கள். குறைத்தோம். ஐந்தாவது மாதம் வெடித்த காய், வெளுத்த காய் இருந்தாலும் போதும், பொடியாகத்தானே போகிறது என்றார்கள். பிறகு அதுவும் வேண்டாம், எசென்ஸ் போதும் என்று ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். போடி ஏலத்தில் விலை ஏறி இறங்குவதால் அவர்களுக்கும் சிரமம் இருக்கலாம். ஒரு தட்டுப் பாயசத்துக்கு எத்தனை காய் போகும்? ஒன்று, அல்லது ஒன்றரை. ஏலக்காய் மேலே நன்றாக எடுபடும் என்று ஜெர்மன்காரன் சோதித்துச் சொல்கிறான், இவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். நாம் கடைசியாக அனுப்பிய சரக்குக்குப் பணம் வந்தது 117 ஆவது நாளில்.

இதைவிடக் கொடுமை தென் கொரியாவில் நடந்தது. 2018 ஜூலையில் ஆசியானா என்ற விமானக் கம்பெனி சாப்பாடு சப்ளை செய்பவரை மாற்றியது. புதிதாக வர வேண்டிய நிறுவனத்தின் கட்டடத்தில் அதற்கு முன் மார்ச்சில் தீப்பிடித்துவிட்டது. அதனால் இடைக்காலத்துக்கு ஒரு சிறு நிறுவனத்தைப் பிடித்தார்கள். தினம் சுமார் 3,000 சாப்பாடு செய்து பழகிய இடம் அது. இவர்களுக்கு வேண்டியதோ இருபதாயிரத்துக்கும் மேல். முதல் நாளே விமானங்கள் மணிக்கணக்கில் தாமதம், பல விமானங்கள் சாப்பாடே இல்லாமல் கிளம்பின. பிசினஸ் கிளாஸ்காரருக்கும் பட்டினிதான். தாமதமானால் விலையைப் பிடித்தம் செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தது. அந்தச் சிறு நிறுவனத்துக்குக் கீழே வேலை செய்த துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் மறுநாள் தற்கொலை செய்துகொண்டார். சாப்பாடு வரவில்லை என்று பயணிகள் கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் பத்து மூட்டை தாங்குகிற தோளில் எண்பது மூட்டை ஏற்றியவர்கள் மேலே குளிர்சாதன அறையில் இருந்தார்கள்.

நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் நிறுவனச் சட்டத்தில் 45 நாளைக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை செய்கிறவருக்கும்தான் அது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் இதில் பதிந்துகொள்ளலாம் என்று உத்தரவு போட்டபோது நாம் பட்டாசு வெடிக்காத குறை. ஆனால் அந்த உத்தரவிலேயே, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று எழுதியிருந்தது. பாக்கியை வசூலிக்கும் வழி நமக்கு இல்லை. மிளகாய் அரைத்துப் பொடியாக்கி விற்கிறவருக்கு 45 நாள் பாதுகாப்பு உண்டு. அதே மிளகாயை மூட்டையாக விற்கிற நமக்குக் கிடையாது. விமானச் சமையல்கூடம், நட்சத்திர ஹோட்டல், ஆஸ்பத்திரி கேண்டீன் என்று பெரிய இடங்களுக்கு ஆசைப்பட்டு சரக்கு இறக்கும் இளைய உறுப்பினர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறக்க வேண்டும். வருகிற தேதியை எழுத்தில் வாங்காமல் ஒரு சிப்பம்கூட அனுப்பாதீர்கள்.

2025 அக்டோபரில் மறுபடி அனுகாவுக்குப் போனோம். இந்த முறை மும்பை மாட்டுங்காவில் நம்மவர் மெஸ் ஒன்றில் ஒன்பது மணிக்கே ரசம் சோறும் மோரும் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினோம். பட்டியலைக் கொடுக்க வந்த பெண்ணிடம், "அம்மா, காலையில் உப்புமா இருந்தால் மட்டும் எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டோம். ஆறு மணி நேரம் நல்ல தூக்கம். உப்புமா இருந்தது, எழுப்பினார்கள்.

விமானச் சமையல்கூடங்களுக்குச் சரக்குக் கொடுத்து 45 நாளுக்கு மேல் பாக்கி நிற்கும் உறுப்பினர்கள், பில் தேதி, தொகை, இதுவரை வந்த பணம் ஆகிய விவரங்களைச் சங்க அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். அடுத்த செயற்குழுவில் வைப்பதற்குக் குறைந்தது பத்துக் கணக்காவது கையில் வேண்டும் என்கிறார் செயலாளர். நம்முடைய 117 நாள் கணக்கை முதலாவதாகக் கொடுத்துவிட்டோம்.