அடித்த கைக்குப் பேர் உண்டு

பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு அடியை வெட்டி எடுப்பது களவு என்று ஒரு கூட்டத்தில் இசை தெரிந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தக் கூட்டத்தில் என் அக்கா மகனும் இருந்தான். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய தட்டுகளைக் கணினியில் ஏற்றி, கொட்டுச் சத்தத்தை மட்டும் துண்டு துண்டாக அறுத்தெடுத்து, அதை வைத்துப் புதுத் தாளம் கட்டுகிறவன் அவன். சாம்ப்ளிங் என்று பேர். எங்கள் தெருப் பையன்கள் அந்தத் தாளத்துக்கு ராப் பாடுகிறார்கள். பெரியவர் அவனைப் பார்த்து, "தம்பி, அடுத்தவன் உழைப்பை எடுத்து வச்சிக்கிட்டு அதுக்குப் படைப்புன்னு பேரா?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் குனியத் தயாராக இல்லை. அடுத்தவன் உழைப்பு என்று ஆரம்பித்துவிட்டீர்கள் அல்லவா ஐயா, அங்கிருந்தே பேசுவோம். அந்தத் தட்டில் உழைத்தவன் யார்? அவன் பேர் என்ன? தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற வட்டக் காகிதத்தில் அது எந்த மூலையில் அச்சாகியிருக்கிறது?

கொட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1739இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் கலகம் செய்தார்கள். கொட்டு முழக்கித்தான் ஆள் சேர்த்தார்கள். அடிமைகள் கொட்டும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று 1740இல் சட்டம் வந்தது. நமக்கு நேர்ந்தது தலைகீழ். அவர்களைக் கொட்டாதே என்றார்கள். நம்மைக் கொட்டியே ஆக வேண்டும் என்றார்கள். சாவு விழுந்தால் ஓடி வா, சாமி புறப்பட்டால் ஓடி வா, அடித்துவிட்டுத் தள்ளி நில். மாட்டேன் என்று சொன்னதற்காக அடிபட்ட சேரிகள் எத்தனை! தடுத்ததும் அதிகாரம், விரட்டி வேலை வாங்கியதும் அதிகாரம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டார்களே, சும்மாவா எடுத்தார்கள்?

அந்தக் கறுப்பு மக்களின் பிள்ளைகள்தான் தட்டை அறுக்கும் இந்த வித்தையைக் கண்டார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்துத் தள்ளிய ஏழைத் தெருக்களில், 1973இல் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் ஆட்டக் கொண்டாட்டங்களுக்குத் தட்டு ஓட்ட ஆரம்பித்தார். பாட்டின் நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி டிரம் மட்டும் நிற்கும் சில வினாடிகளில்தான் கூட்டம் பேய் பிடித்து ஆடுகிறது என்று கண்டுகொண்டார். ஒரே தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்த வினாடிகளையே மாற்றி மாற்றி நீட்டினார். 1980களில் டிரம் மிஷின் வந்தது. தொழிற்சாலை போட்டுக்கொடுத்த ஒரே சத்தம் எல்லாப் பாட்டிலும். மார்லி மார்ல் என்ற இசைத் தயாரிப்பாளர் தட்டிலிருந்து ஒரு குரலைப் பிடிக்கப் போய், தவறுதலாக ஒரு ஸ்நேர் அடியைப் பிடித்துவிட்டார். அன்றைக்குக் கதவு திறந்தது. எந்தப் பழைய தட்டிலிருந்தும் எனக்கு வேண்டிய அடியை நானே எடுத்துக்கொள்வேன், கம்பெனிக்காரன் சத்தம் எனக்கு எதற்கு?

கையில் காசு கிடையாது. 1987இல் வந்த எஸ்.பி.1200 கருவியில் மொத்தம் பத்து வினாடிச் சத்தம்தான் கொள்ளும். 33 சுற்றுத் தட்டை 45இல் வேகமாக ஓடவிட்டுப் பிடித்தார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். இடமும் மிச்சமானது, அடியும் கரகரத்துக் கனத்தது. தோல் தொய்ந்தால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிறவனுக்கு இந்த வித்தை புரியும். கையில் இருப்பதை வைத்துச் சத்தத்தைத் தனக்கு ஏற்றபடி திருத்துகிறான்.

என் அக்கா மகன் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "மாமா, வயலின் வர்றதுக்கு முன்னாடி இங்க முக்கா செகண்டு இருக்கு, கேளுங்க" என்பான். ஒற்றை அடி. குச்சி தோலில் எங்கே விழுகிறது, அதிர்வு எங்கே அடங்குகிறது என்று நூறு முறை கேட்பான். எங்கள் தாத்தன் பாட்டன் அடித்த ஒரு அடியை இப்படிக் காது கொடுத்துக் கேட்ட சபை எது? இரைச்சல் என்றீர்கள், சாவுக் கொட்டு என்றீர்கள். அந்த அடியைக் கேட்டுக் கேட்டு எடுக்கிறவனா திருடன்?

ஆனால் தோழர்களே, நம் பக்கத்து அழுக்கையும் பேசியாக வேண்டும். 1969இல் 'த வின்ஸ்டன்ஸ்' குழு 'கலர் ஹிம் ஃபாதர்' தட்டை வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று ஒரு இசைத்துண்டு. அதில் கிரிகரி கோல்மன் என்ற கறுப்பர் ஏழு வினாடி அளவுக்குத் தனியாக டிரம் அடிக்கிறார். அந்த ஏழு வினாடி ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போனது. இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற இசை வகையே அதன்மேல் எழுந்தது. கோல்மன் 2006இல் வீடில்லாமல், வறுமையில் செத்தார். ஒரு காசு வரவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காவது 2015இல் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். அடித்தவன் அதற்குள் மண்ணுக்குள் போய் ஒன்பது வருஷம்.

கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு கதையும் இதுதான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அடித்தவர் அவர். பாட்டின் தலைப்பே அவரைத்தான் சொல்கிறது. ஆனால் ஆக்கியவர் என்று பதிவானது பிரவுன் பேர் மட்டும். 1989இல் பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்' என்ற போராட்டப் பாட்டுக்குள்ளும் அந்த அடி இருக்கிறது. காசைவிடப் பேர் போட்டிருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதர் 2017இல் காலமானார். அதிகாரத்தை எதிர்த்துப் பாடினவர்களுக்கும் அடித்த கையின் பேர் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

சட்டம் காப்பாற்றுமா? 1991இல் நியூயார்க் நீதிபதி ஒருவர், பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிரான தீர்ப்பை, களவைத் தடுக்கும் விவிலியக் கட்டளையோடு ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சாம்பிளுக்கு அனுமதி வாங்க வேண்டும், காசு கட்ட வேண்டும். காசு யாருக்கு? மெட்டுப் போட்டவனுக்கு, தட்டுப் போட்ட கம்பெனிக்கு. டிரம் அடித்தவன் அந்த வரிசையிலேயே இல்லை. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பு என்றால் மெட்டும் சுர இசைவும் என்றது. அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. தாளம் என்ற சொல்லே அந்த வரையறையில் இல்லை. எழுத்தை யார் வைத்திருந்தார்கள், கொட்டை யார் வைத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? 1994இல்தான் அந்த வரையறை மாறியது. நிகழ்த்துக் கலைஞர் உரிமையும் அப்போதுதான் சட்டத்துக்குள் வந்தது. வருமானத்தில் பங்கு 2012இல். பேரே பதிவாகாதவன் அந்தப் பங்கை எந்த வாசலில் போய்க் கேட்பான்?

என் பெரியப்பா பறையடிக்கிறவர். சினிமா ரெக்கார்டிங்குக்கு என்று இரண்டு தடவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு நாள் கூலி, ஒரு வேளைச் சோறு, பஸ் காசு. எந்தப் படம், எந்தப் பாட்டு என்று கேட்டால், "நம்மகிட்ட எவன்டா சொன்னான்? அடின்னாங்க, அடிச்சேன்" என்பார். சாகும்வரை ரேடியோவில் கொட்டு கேட்டால் காதைத் திருப்புவார். ஒருநாள் அக்கா மகன் ஒரு துண்டை ஓடவிட்டு, "மாமா, இது தாத்தா அடியா இருக்குமா?" என்றான். என்னால் சொல்ல முடியவில்லை. எவனாலும் சொல்ல முடியாது. களவு எது என்று கேட்டீர்களே ஐயா, இதுதான்.

சத்தத்துக்கு ஏதப்பா சாதி என்று நம்மிலேயே சிலர் முற்போக்காகக் கேட்பார்கள். 'எத்னிக்', 'ட்ரைபல்' என்று சீட்டு ஒட்டிச் சத்தப் பொட்டலங்கள் விற்பனைக்கு வருகின்றனவே, அதில் கைகளின் பேர் ஏன் இல்லை? சத்தத்துக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். பேர் போடுகிறவனுக்கு இருக்கிறது.

ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அறுத்தெடுங்கள். பழைய தட்டில் புதைந்து கிடக்கிற நம் அடிகளைத் தோண்டி எடுங்கள், வெட்கப்படாதீர்கள். அடித்தவர் யார் என்று விசாரியுங்கள். தெரிந்தால் பேர் போடுங்கள். தெரியாவிட்டால் பேர் மறைக்கப்பட்டவர் என்று போடுங்கள். இருக்கிறவர்களிடம் நேரில் போய், கேட்டு, கூலி கொடுத்து, முகத்தோடும் பேரோடும் பதிவு செய்யுங்கள். உங்கள் பாட்டில் காசு வந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். கோல்மனுக்குச் செய்ததை நம் கிழவர்களுக்கு நாமே செய்யக் கூடாது.

பறையும் உருமியும் பம்பையும் தவிலும் தூக்கிக்கொண்டு ரெக்கார்டிங்குக்குப் போய் வந்த பெரியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், இன்றைக்கே போய் உட்கார்ந்து பேரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகம் இருக்கும்போதே. உயிர் இருக்கும்போதே.