பதிவு வாத்தியமும் பாடும் சபையும்

வாத்தியம் வாசிக்க ஆள் அகப்படாதபோது, பதிவுசெய்த பின்னிசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஆராதனையை நடத்திக்கொள்வதில் என்ன பாவம் என்று கேட்போருளர். பாவமென்று நாம் சொல்ல வரவில்லை. நஷ்டமென்று சொல்லுகிறோம், அந்த நஷ்டம் யாரைச் சாருமென்பதையும் சொல்லுகிறோம்.

சபையார் கூடிப் பாடுகையில் கிழவி ஒருத்தி அடியை நீட்டுவாள், சிறுவன் முந்துவான். ஆர்மோனியக்காரர் அதைக் காதில் வாங்கிச் சுருதியை இறக்குவார். தபேலாக்காரர் காலத்தைத் தாழ்த்துவார். பல்லவியை இன்னொரு முறை பாடச் சபை விரும்பினால் இருவரும் உடன் திரும்புவர். பதிவுக்கோ காதில்லை. குறித்த சுருதியில் தொடங்கிக் குறித்த நிமிஷத்தில் அது முடிந்தே தீரும். பாட்டைத் தொடர வேண்டிய வாத்தியத்தைச் சபை தொடர நேர்கிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசைப் பெருநூலை வெளியிட்டார். இசையைத் தம் சொந்தப் பொறுப்பாகக் கொண்ட கிறிஸ்தவத் தமிழர் இவர்கள். 1958-இல் ரோமாபுரி வெளியிட்ட திருச்சடங்கு இசை பற்றிய அறிவுறுத்தலும் தானியங்கி வாத்தியம், இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா ஆகியவற்றை வழிபாட்டில் அறவே விலக்கிற்று. ரோமாபுரி சொன்னதனாலேயே ஏற்கும்படி நாம் எவரையும் கேளோம், நியாயமிருப்பதால் எடுத்துக்காட்டுகிறோம்.

மலேசியத் தமிழருக்கோ இது இன்னும் நெருங்கிய விஷயம். 1990-களில் புத்ராஜெயா நகரம் எழும்பியபோது, பிராங் பெசார் முதலிய ரப்பர்த் தோட்டங்களின் தொழிலாளர் இடம்பெயர்க்கப்பட்டு, டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவில் குடியேற்றப்பட்டனர். தோட்டம் போனால் வேலை மட்டுமா போகிறது? கூடி வாழ்ந்த பழக்கமும் குலைகிறது. அத்தகைய மக்களுக்குக் கூடிச் செய்யும் காரியம் ஒவ்வொன்றும் பொன்னுக்குச் சமானம். டெங்கிலானாலும் கிள்ளானானாலும் பிரிக்பீல்ட்ஸானாலும், கூடிப் பாடுவதையும் யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பிறகு எதைக் கூடிச் செய்வது?

‘வாசிப்பவருக்குக் கொடுக்கப் பணமில்லை’ என்பர். ஒலிபெருக்கி வாங்கப் பணமிருந்ததே! மின்சாரக்காரருக்குக் கூலி, தபேலாக்காரருக்கு ஆசீர்வாதம் மட்டுமா? ‘கர்த்தருக்கு இலவசமாய்ச் செய்யலாகாதா?’ என்ற உபதேசம் வாத்தியக்காரர் வீட்டு அடுப்பை எரிக்காது.

ஆளில்லாத சபை வெறுங்குரலில் பாடட்டும், கைத்தாளம் போதும். பதிவை வீட்டில் பாட்டுப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளட்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைக் கூலி கொடுத்து அமர்த்தட்டும். சில ஆண்டுகளில் சபைக்கு வாத்தியக்காரர் இருப்பர். இன்று அதைச் செய்யாத சபை, நாளை ‘ஆள் அகப்படவில்லை’ என்று அழுவதில் அர்த்தமில்லையென்று சொல்லுகிறோம்.